லீவு கணக்கிலிருந்து தொடங்குங்கள்: பட்டாளத்துக்காரன் காதலைத் திரைக்கதையாக்கும் முறை

பட்டாளத்துக்காரனின் காதலை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது துப்பாக்கிச் சண்டையை. அடுத்தது ரயில் நிலையத்தில் கையசைக்கும் காட்சி. இரண்டுக்கும் நடுவில் என்ன வைப்பது என்று தெரியாமல் நாற்பதாம் பக்கத்தில் கதை படுத்துவிடும். இந்தக் காதலை நகர்த்துகிறவை லீவும் தகவலும்தான். அவன் எப்போது வருவான், அவனைப் பற்றிய செய்தி யாருக்கு முதலில் தெரியும். இவற்றைக் காகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டால் பாதிக் காட்சிகள் தாமாக வந்து நிற்கும்.

நாள்கணக்கு

இந்தியத் தரைப்படையில் சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. அதிகாரிகளுக்குத் தற்செயல் விடுப்பு 20 நாள். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த அக்னிவீரருக்கோ ஆண்டுக்கு 30 நாள்தான். உங்கள் நாயகன் இதில் யார் என்று முடிவு செய்யாமல் ஒரு வரியும் எழுத வேண்டாம்.

இன்றைய கதை என்றால் அக்னிவீரரை எடுப்பது நல்லது. மணமாகாதவர்தான் சேர முடியும். நான்கு ஆண்டுப் பணிக்காலத்தில் மணமுடிப்பதும் கூடாது. நான்கு ஆண்டு முடிவில் அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரே நிரந்தரமாகத் தொடர்வார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வீடு திரும்புவார்கள். "நாலு வருஷம் பொறுத்துக்க" என்று அவன் சொல்வது இங்கே வெறும் காதல் வசனமாக நிற்காது, ஒப்பந்தத்தின் ஷரத்தாகிவிடும். பெண்ணின் அப்பா "பையனுக்கு வேலை நிரந்தரமா?" என்று கேட்டால் அவனிடமே பதில் கிடையாது. எதிர்நாயகன் தேடி அலைய வேண்டிய தேவை தீர்ந்தது.

இப்போது 30 நாள் லீவு ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். கன்னியாகுமரிக்கும் கட்ராவுக்கும் இடையே ஓடும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரத்தில் ஒரு நாள்தான். 3,700 கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ மூன்று நாள் பயணம். காவல் முகாமிலிருந்து ரயிலடிக்கு வருவது தனிக் கதை. லடாக்கில் இருப்பவன் குளிர்காலத்தில் சாலை வழியாக இறங்குவது பெரும்பாடு. லேயிலிருந்து சண்டிகருக்குப் பறக்கும் விமானப்படை விமானத்தில் இடம் கிடைக்க வேண்டும், வானமும் தெளிந்திருக்க வேண்டும். லீவு கையெழுத்தாகி, பெட்டி கட்டி, டிரான்சிட் கேம்ப்பில் நாலு நாள் மூடுபனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன்! எதிரியே இல்லாத போர்க்காட்சி அது. யாரும் எழுதுவதில்லை.

வீடு சேர்ந்த பிறகு? முதல் இரண்டு நாள் அம்மாவுக்கு. பிறகு குலதெய்வம் கோயில், அக்கா வீடு, அப்பாவின் கண் ஆபரேஷன், பேங்க் கடன், கூரை வேலை. கடைசி நான்கு நாள் பெட்டி கட்டுவதில் போகும். பெண்ணை ரகசியமாகப் பார்க்க வேண்டியவனுக்கு 30 நாளில் ஐந்து சந்திப்பு தேறினால் அதிகம். எல்லாம் சேர்த்து ஆறேழு மணி நேரம். இந்தக் கணக்கைப் பார்வையாளருக்குத் தெரியும்படி வைத்தால், பேருந்து நிறுத்தத்தில் பன்னிரண்டு நிமிடம் பேசுவதுகூட உச்சக்காட்சியாகிவிடும்.

இரண்டு மணி நேரப் படத்துக்கு நேரில் சந்திக்கும் கட்டங்கள் நான்கு போதும். ஐந்தைத் தாண்டினால் தூரம் செத்துவிடும். மூன்றாவது சந்திப்பு சண்டையாக இருக்கட்டும். மாதக்கணக்கில் மனத்தில் வளர்த்த ஆளும் எதிரே நிற்கும் ஆளும் ஒட்டாமல் போவதுதான் தூரத்துக் காதலின் உண்மையான விபத்து.

ஒன்றை மறக்க வேண்டாம்: லீவு எப்போது வேண்டுமானாலும் ரத்தாகலாம். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் தொடங்கிய பராக்கிரம் நடவடிக்கையில் படைகள் 2002 அக்டோபர் வரை, சுமார் பத்து மாதம், எல்லையில் நின்றன. போர் மூளவே இல்லை. கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்ட ஒருவனை அந்தப் பத்து மாதத்தில் நிறுத்திப் பாருங்கள். வெடிச்சத்தம் ஒன்றுகூட இல்லாமல் முழுப் படமும் ஓடும்.

எந்த ஆண்டு, எந்தக் கருவி

இந்த வகைக் கதையில் ஆண்டைத் தேர்ந்தெடுப்பது என்றால் தகவல் கருவியைத் தேர்ந்தெடுப்பது. ஆண்டு மாறினால் காதலின் வேகமே மாறும்.

எண்பதுகளில் கதை நடந்தால் இன்லேண்டு லெட்டரும் தந்தியும்தான். எஸ்.டி.டி. பூத் தெருவுக்கு ஒன்றாகப் பெருகியது தொண்ணூறுகளில். காஷ்மீரில் செல்போன் சேவை தொடங்கியதே 2003-இல். 1999 கார்கில் போரில் சிப்பாய் மலை முகட்டிலிருந்து செல்போனில் பேசுவதாக எழுதினால் படம் அங்கேயே விழுந்துவிடும். தந்தி சேவை 2013 ஜூலையோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு நடக்கும் கதையில் தந்திக்காரன் சைக்கிளில் வந்து மணி அடிக்க வழியில்லை.

உயரமான முகாம்களில் நெடுங்காலம் வாழ்க்கையே சேட்டிலைட் போன்தான். அதன் கட்டணம் 2017 தீபாவளிக்கு முன்புவரை நிமிடத்துக்கு 5 ரூபாய், பிறகு 1 ரூபாய். 2016-இல் நடக்கும் காட்சியில் "வச்சிடவா, காசு ஆகுது" என்பான். 2018-இல் அதே ஆள் "வச்சிடவா, பின்னாடி ஆளு நிக்குறாங்க" என்பான். இந்த ஒரு வரி மாற்றத்தில் உங்கள் ஆராய்ச்சி தெரியும்.

சமீபத்திய ஆண்டுகளுக்கு இன்னும் சில முடிச்சுகள். வெளிமாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேலை செய்யும். புதிதாகப் போன பையன் ஜம்முவில் இறங்கியதும் அவன் போன் ஊமையாகிவிடும். இங்கே அவள் "ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டான்" என்று இரண்டு நாள் அழுவாள். இடைவேளைக்கு முன் வைக்க இதைவிட நியாயமான தவறான புரிதல் கிடைக்காது. 2019 ஆகஸ்ட் 5 முதல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் செல்போனும் இன்டர்நெட்டும் முடங்கின. போஸ்ட்பெய்டு பேச்சு அக்டோபர் நடுவில்தான் திரும்பியது. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லித் தரைப்படை உத்தரவிட்டது. இன்ஸ்டாவில் அரும்பிய காதல் என்றால் அந்த மாதம் அவன் கணக்கு திடீரென்று காணாமல் போகும், அவளுக்கோ காரணம் தெரியாது.

2025 தொடக்கத்தில் சியாச்சினுக்கே 4ஜி, 5ஜி போய்விட்டது. "அப்படியானால் இன்று கதையே இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, ஆனால் அது வேறு கதை. வீடியோ காலில் முகம் தெரியும், பின்னால் என்ன இருக்கிறது என்று காட்ட முடியாது. எங்கே இருக்கிறான், எத்தனை பேர் இருக்கிறார்கள், நாளை எங்கே போகிறான் என்று எதையும் சொல்லக்கூடாது. அவளுக்கோ இவை மூன்றும்தான் தெரிய வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு அழைப்புக் காட்சிக்கும் ஒரு விதி: அவன் சொல்ல முடியாத ஒன்று, அவள் சொல்ல விரும்பாத ஒன்று. இரண்டையும் காட்சிக்கு மேலே பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள். வசனத்தில் இரண்டும் வரக்கூடாது.

கடிதத்தை வைக்கும் முறை

கடிதக் காலக் கதை என்றால் வெள்ளைத்தாளில் இரண்டு கோடு போடுங்கள். மேல்கோடு அவன் நாள்கள், கீழ்க்கோடு அவள் நாள்கள். ஒவ்வொரு கடிதத்தையும் சாய்கோடாக இழுங்கள்: எழுதிய தேதியில் தொடங்கி, கைக்குக் கிடைத்த தேதியில் முடியட்டும். பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளி வையுங்கள். சாய்கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டும் இடங்களில்தான் உங்கள் நாடகம் இருக்கிறது.

அவள் 3-ஆம் தேதி கோபமாக எழுதுகிறாள். 6-ஆம் தேதி மனம் இறங்கி மன்னிப்புக் கேட்டு இன்னொன்று எழுதுகிறாள். அவன் கைக்கு இரண்டாவது முதலில் கிடைக்கிறது. எதற்கு மன்னிப்பு என்று புரியாமல் சிரித்துக்கொண்டே காவலுக்குப் போகிறான். நான்கு நாள் கழித்து முதல் கடிதம் வருகிறது. கடிதங்களின் மூலையில் 14, 15 என்று எண் போட்டு எழுதும் வழக்கத்தை முன்பே ஒரு காட்சியில் காட்டியிருந்தால் பார்வையாளர் அவனுக்கு முன்பாகவே பதைப்பார்: 15 வந்துவிட்டது, 14 எங்கே?

முகவரியைச் சரியாக எழுதுங்கள். எண், பதவி, பெயர், யூனிட், கீழே "மே/பா 56 ஏ.பி.ஓ." (ஏ.பி.ஓ. என்றால் படை அஞ்சல் நிலையம்). கிழக்குப் பக்கம் என்றால் 99 ஏ.பி.ஓ. படை அஞ்சலுக்கான பின்கோடு 9-இல் தொடங்கும். ஊர் பெயரே இருக்காது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அவன் எந்த மலையில் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. அந்த உறைக்கு ஒரு நெருக்கக்காட்சி கொடுங்கள்.

கடிதத்தின் வாசகத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். பின்னணிக் குரலில் நிலவும் பனியும் உருகும். உண்மையில் பட்டாளத்துக் கடிதம் பாதிக்கு மேல் கணக்கு வழக்கு: மணியார்டர் வந்ததா, ஆடு குட்டி போட்டதா, தங்கச்சி பரீட்சை என்ன ஆச்சு. அத்தனைக்கும் கீழே, மடிப்புக்குள், இடமில்லாமல் நெருக்கி எழுதிய ஒரு வரிதான் காதல். அந்த வரியை மட்டும் வாய்விட்டு வாசிக்காமல் விடுங்கள்.

அவள் பக்கம்

இந்தப் பகுதியில் சோம்பினால் படம் தேறாது. பாதிக் காட்சிகள் அவளுடையதாக இருக்க வேண்டும். அவற்றில் பாதியில் அவனைப் பற்றிய பேச்சே இருக்கக்கூடாது. வேலை, வரன், நோய், பக்கத்து வீட்டுச் சண்டை என்று அவள் வாழ்க்கை நகர்ந்தால்தான் அவன் இல்லாத இடம் தெரியும். ஜன்னலோரம் நிற்பவளுக்காக யாரும் இரண்டு மணி நேரம் உட்கார மாட்டார்கள்.

முல்லைத்திணையில் இதற்கு வழி இருக்கிறது. தலைவன் "கார்காலத்தில் வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் பாசறைக்குப் போகிறான். மழை வந்துவிடுகிறது, அவன் வரவில்லை. தோழி வானத்தைப் பார்த்து, "இது கார் இல்லை, பருவம் தப்பிய மழை" என்று துணிந்து பொய் சொல்கிறாள். திரைக்கதைக்கு வேண்டிய மூன்றும் அங்கே உண்டு: கண்ணுக்குத் தெரியும் கெடு, கெடு உடையும் கணம், அன்பினால் சொல்லப்படும் பொய். உங்கள் கதையிலும் கெடுவைத் தேதியாகச் சொல்லாமல் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றாக வையுங்கள். மாமரம் காய்ப்பது, ஏரி நிரம்புவது, கட்டும் வீட்டின் சுவர் எழும்புவது. பொய் சொல்லும் தோழிக்கு இரண்டு நல்ல காட்சிகளாவது கொடுங்கள்.

இனி மிக முக்கியமான முடிச்சு. மணமாகாத சிப்பாயின் ஆவணத்தில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் இருப்பது வழக்கமாக அப்பா அல்லது அம்மாவின் பெயர். மணமான பிறகு முறைப்படி பதிவு செய்தால்தான் மனைவி பெயர் ஏறும். காதலிக்கு அந்தக் காகிதத்தில் எங்குமே இடமில்லை. அவன் காயப்பட்டால் தகவல் அவன் வீட்டுக்குப் போகும், அவளுக்குப் போகாது. டிவியில் கீழே ஓடும் எழுத்தில் யூனிட் பெயரைப் பார்த்துவிட்டு, அவன் வீட்டுத் தெரு வழியாகக் காரணமில்லாமல் நான்கு தடவை நடந்து, வாசலில் செருப்புக் கூட்டம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பாள். "யாருக்கு முதலில் தெரியும்" என்ற கேள்வியை உச்சக்காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மனைவியாக இருந்தால் அழ உரிமை உண்டு. அவளோ துக்க வீட்டில் ஊர்க்காரியாக நிற்க வேண்டும்.

ஒரு அழைப்புக் காட்சி

இடம்: ஒரு முகாம், சேட்டிலைட் போன், பின்னால் ஐந்து பேர் வரிசை. மறுமுனை: அவள் வீட்டு அடுக்களை, இரண்டடி தூரத்தில் அம்மா. சேட்டிலைட் போனில் ஒருவர் பேசி மற்றவர் பதில் காதில் விழ அரை நொடிக்கு மேல் ஆகும்.

அவன்: நான்தான். கேக்குதா?

அவள்: சொல்லுடி.

அவன்: அம்மா பக்கத்துலயா?

அவள்: ஆமாடி. நோட்டு என்கிட்டதான் இருக்கு.

அவன்: பதினாறாந்தேதி...

அவள்: எப்ப வந்து வாங்கி...

இருவரும் நிற்கிறார்கள்.

அவன்: நீ சொல்லு.

அவள்: இல்ல, நீ சொல்லு.

அவன்: பதினாறாந்தேதி வரல. லீவு நிறுத்திட்டாங்க.

அம்மா திரும்பிப் பார்க்கிறாள். அவள் வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்குகிறாள்.

அவள்: பரவால்லடி. பரீட்ச முடிஞ்சே வாங்கிக்க.

பின்னாலிருந்து ஒரு குரல்: சலோ பாய், டைம் ஹோ கயா. (போதும் தம்பி, நேரமாச்சு.)

அவன்: வைக்கிறேன்.

அவள்: சாப்ட்டியா?

அவன் முன்பே வைத்துவிட்டான்.

எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். "டி" என்ற ஓரெழுத்து அவளுடைய வீட்டுச் சிறையைச் சொல்லிவிடுகிறது. கெட்ட செய்தி முழுதாகச் சொல்லப்படுகிறது, அவளுக்கு அழ அனுமதி இல்லை, வெங்காயம் அவளுக்குச் சாக்குக் கொடுக்கிறது. பேச்சு மோதிக்கொள்வது அரை நொடித் தாமதத்தால். நீளம் ஒரு பக்கத்துக்குள். திரையில் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. படம் முழுக்க இத்தகைய அழைப்புகள் ஆறு அல்லது ஏழு இருக்கட்டும், ஒவ்வொன்றிலும் இடைஞ்சல் வேறாக இருக்க வேண்டும்: ஒரு முறை வரிசை, ஒரு முறை மழை, ஒரு முறை இருவருக்கும் பேச ஒன்றுமில்லாமல் போவது. கடைசியாகச் சொன்னதுதான் எழுதக் கடினம், தவறவிடாதீர்கள்.

தவறு நடக்கும் இடங்கள்

எல்லைக் காவல்படையும் மத்திய ரிசர்வ் போலீசும் தரைப்படை ஆகாது. அங்கே கான்ஸ்டபிள், ஹெட் கான்ஸ்டபிள் என்றுதான் தொடக்கப் பதவிகள். தரைப்படையில் சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். அதிகாரி வரிசை லெப்டினன்டில் தொடங்கும். நான்கு வருடம் பணியாற்றிய சிப்பாயைக் கேப்டனாக்கிவிடும் திரைக்கதைகள் இன்னும் வருகின்றன. நாயப் சுபேதாரையும் சுபேதாரையும் சிப்பாய்கள் "சாப்" என்பார்கள், "சார்" என்பது அதிகாரிக்கு.

தலையில் தொப்பி இல்லாமல் கை தூக்கிச் சல்யூட் அடிப்பது தரைப்படை வழக்கத்தில் இல்லை. விறைப்பாக நிற்பதோடு சரி. சீருடையும் ஆண்டைக் காட்டிக்கொடுக்கும்: புள்ளி புள்ளியான டிஜிட்டல் வடிவச் சீருடை 2022 ஜனவரி 15 தரைப்படை தினத்தில்தான் அறிமுகமானது. மதராஸ் ரெஜிமென்ட் என்று வைத்தால் அதன் மையம் நீலகிரி வெலிங்டனில் இருப்பதை மறக்காதீர்கள். பயிற்சிக் காலத்துக் காதலுக்கு அது வசதியும்கூட, நாயகன் இன்னும் தமிழ்நாட்டுக்குள்தான் இருப்பான்.

சொற்களையும் கவனியுங்கள். சமையற்கட்டு "லங்கர்", ஆயுதக் கிடங்கு "கோத்", முதுகுப் பை "பிட்டு", தங்குமிடம் "லைன்". இவற்றை வசனத்தில் விளக்கம் இல்லாமல் போட்டுவிட்டுப் போங்கள். லீவில் வந்தவன் வீட்டில் தன்னை அறியாமல் "லங்கர்ல என்ன?" என்று கேட்க, அம்மா விழிப்பதில் ஒரு முழுக் காட்சி இருக்கிறது.

சாவில் முடிப்பது எளிது, ஆகவே பலரும் அங்கே போய் நிற்கிறார்கள். அப்படித்தான் முடிப்பேன் என்றால், இறப்பைத் திரையில் காட்ட வேண்டாம். அவள் அறியும் விதத்தை மட்டும் காட்டுங்கள். இன்னொரு முடிவும் கைவசம் இருக்கட்டும்: அவன் உயிரோடு, முழுசாக, நிரந்தரமாகத் திரும்பி வருகிறான். பதினோராவது நாள். லீவு முடியும் நாள் என்று ஒன்று இல்லாததால் இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

படமெடுக்கும் முன்

ராணுவத்தைப் பற்றிய படங்களுக்கும் வெப் தொடர்களுக்கும் தடையில்லாச் சான்று பெற வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2020-இல் தணிக்கை வாரியத்துக்கு எழுதியது. படப்பிடிப்புக்கு முன்பே முழுத் திரைக்கதையோடு விண்ணப்பியுங்கள். பிறகு வெட்டிச் சரிசெய்வது இருமடங்கு செலவு. கன்டோன்மென்ட்டுக்குள் கேமரா வைக்கத் தனி அனுமதி வேண்டும்.

பணம் குறைவு என்றால் முகாமைக் காட்டாமலே எழுதலாம். பெயரும் எண்ணும் வெள்ளை பெயின்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி, சாம்பல் நிறக் கம்பளி, போன் வைத்திருக்கும் மேசை, வெளியே ஓயாத காற்று. இந்த நான்கையும் ஒரு சிறிய அறைக்குள் வைத்துப் படத்தின் பாதியை எடுத்துவிட முடியும். காற்றுச் சத்தத்தை மட்டும் கையிருப்பு ஒலிகளிலிருந்து எடுக்காமல், மலையில் போய்ப் பதிவு செய்துகொண்டு வாருங்கள்.